எக்ஸ்பிரஸுக்கு ஒரு வீடு

வீடு பார்க்கப் போகிறவர்கள் பொதுவாகக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக் வாசற்கதவை மட்டும்தான் பார்த்தான். தாழ்ப்பாள் எவ்வளவு உயரம், நாற்காலி போட்டு ஏறினால் எட்டுமா, உள்ளேயிருந்து பூட்டினால் சாவியை எங்கே மாட்டுவது என்று ஒவ்வொன்றாக யோசித்து, கதவை ஆட்டி, இழுத்து, கடைசியில் தோளால் ஒரு முட்டு முட்டியும் பார்ப்பான். கூட வந்த புரோக்கர் நாலாவது வீட்டிலேயே பொறுமை இழந்துவிட்டார்.

“சார், நீங்க குடி வரப்போறீங்களா, கொள்ளையடிக்க வரப்போறீங்களா? அதை முதல்ல சொல்லிடுங்க. அதுக்கேத்த மாதிரி வீடு காட்டறேன்.”

“எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நாலரை வயசு.”

“எல்லார் வீட்லயும்தான் புள்ளைங்க இருக்கு.”

“இது ஓடிப்போற புள்ள சார்.”

புரோக்கர் சிரித்தார். எதிரே இருப்பவன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பைப் பாதியிலேயே மென்று விழுங்கினார்.

கம்பெனி பழைய ஊர்க் கிளையை மூடி, அங்கிருந்த ஏழு பேரில் மூன்று பேரை மட்டும் இந்த நகரத்துக்கு மாற்றியிருந்தது. மூன்றில் ஒருவனாக இருந்ததற்குச் சந்தோஷப்படு என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் பட்டான், வீடு பார்க்க ஆரம்பிக்கும் வரை.

மகளுக்குப் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். காது நன்றாகக் கேட்கிறது என்று மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் அவர்கள் சொன்ன பெயர் நீளமாக இருந்தது. அதற்கு மருந்து இல்லை. கதவு திறந்திருந்தால் போய்விடுவாள். கோபமோ பயமோ ஒன்றும் கிடையாது. வேலைக்கு நேரமாகிவிட்டவள் மாதிரி, பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று போவாள். பொம்மைக்கடை வந்தாலும் நிற்கமாட்டாள், நாய் குரைத்தாலும் நிற்கமாட்டாள். சின்ன ஸ்டேஷனில் நிற்காத வண்டி என்று அவன்தான் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்த ஒரு நாளில் வைத்த பெயர் அது. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

பழைய ஊரில் அவளை ஆறு தடவை தொலைத்திருக்கிறார்கள். ஆறு தடவையும் யாராவது தூக்கிவந்து விட்டார்கள். ஒரு தடவை சலூன்காரர், பாதி சவரத்தில் ஆளை உட்காரவைத்துவிட்டு, கையில் சோப்பு நுரையோடு வந்தார். அங்கே மெக்கானிக் மகள் என்றால் எல்லோருக்கும் தெரியும். இங்கே மெக்கானிக்கையே யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு வீடு பார்த்த பிறகும் மனைவிக்கு போன் செய்வான். ஜன்னல் எத்தனை, அடுப்படி எந்தப் பக்கம் என்று அவள் கேட்கமாட்டாள்.

“பக்கத்துல தண்ணி இருக்கா?”

“குழாய்ல ரெண்டு வேளையும் வருதாம்.”

“அந்தத் தண்ணி இல்லங்க.”

குளம், வாய்க்கால், மூடாத தொட்டி. இந்த மாதிரிப் பிள்ளைகள் தண்ணீரைத் தேடிப் போகும் என்று ஒரு நர்ஸ் அவளிடம் எப்போதோ சொல்லிவைத்திருந்தாள். அதற்காகவே ஒரு நல்ல வீட்டை, பின்னால் மழைநீர்க் குட்டை இருந்த ஒரே குற்றத்துக்காக, அவன் வேண்டாம் என்றான்.

பதினோராவதாகப் பார்த்த வீடு பிடித்துப்போயிற்று. நாலாவது மாடி. மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிராதிக் கதவு. பால்கனி முழுக்கக் கம்பி. தாழ்ப்பாள் அவனுடைய நெற்றி உயரத்தில் இருந்தது. அவன் தொழிலில் ஒரு நியாயம் உண்டு: எல்லா மாடிக் கதவும் ஒழுங்காக மூடி, பூட்டின் நாக்கு உள்ளே விழுந்தால்தான் பெட்டி நகரும். ஒரே ஒரு கதவு விரல் அகலம் திறந்திருந்தாலும் லிஃப்ட் அசையாது. பதினாறு வருஷம் அந்த நியாயத்தை நம்பிச் சோறு தின்றவன். கதவு சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்தான்.

மனைவி வந்து இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு கையில் மகள், இன்னொரு கையில் தையல் மெஷினின் தலை. அதைத் துணியில் சுற்றிப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்திருந்தாள். பள்ளிச் சீருடை தைப்பது அவள் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் பிள்ளைகள் சட்டையைக் கிழித்துக்கொண்டுதான் இருப்பார்கள், எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை என்பாள்.

கிராதிக் கதவைப் பார்த்தாள். கம்பி போட்ட பால்கனியைப் பார்த்தாள். அவன் பெருமையாகத் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினான்.

“பாத்தியா? நீயே எக்கினாத்தான் எட்டும்.”

“ஆமா,” என்றாள். “நானே எக்கினாத்தான்.”

முதல் நாள் எக்ஸ்பிரஸ் கிராதியைப் பிடித்து ஆட்டினாள். இரண்டாம் நாள் நெற்றியால் முட்டினாள். மூன்றாம் நாளிலிருந்து கத்த ஆரம்பித்தாள். கண்ணீர் இல்லை, விக்கல் இல்லை. ஒரே இழுப்பாக, ஆலைச் சங்கு ஊதுகிற மாதிரி. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும். மெஷின் ஓடும்போது மட்டும் அடங்குவாள். மேசைப் பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். அதனால் மனைவி தைக்கத் துணி இல்லாதபோதும் வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவன் வரும்போது அவளுடைய கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கும்.

“இன்னிக்கு எங்கெங்க போனீங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஆஸ்பத்திரில ஒண்ணு, ஜவுளிக்கடைல ஒண்ணு. அப்புறம் ஒரு ஆபீஸ்ல மூணு பேரு உள்ள மாட்டிக்கிட்டாங்க. நாப்பது நிமிஷம். ஒரு பொம்பள மயக்கமே போட்டுட்டா.”

“நாப்பது நிமிஷத்துக்கேவா?”

“பின்ன? பூட்டின பொட்டிக்குள்ள...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

அவள் சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஊட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “நாங்க காலைல எட்டு மணிலேர்ந்து உள்ளதான் இருக்கோம். எந்த நம்பருக்குப் போன் பண்ணணும்னு சொல்லுங்க, பண்றேன்.”

கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரம்மா இரண்டு தடவை மேலே வந்தார். முதல் தடவை பிஸ்கட் கொண்டுவந்தார். இரண்டாவது தடவை வெறுங்கையோடு வந்தார்.

“நாங்க கெட்டவங்க இல்லம்மா. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகியிருக்கு. குழந்தை கத்தும்போதெல்லாம் திடுக்குனு எழுந்து உக்காந்துடறார். நீங்களே வேற எடம் பாத்துக்கிட்டா நல்லது. அவசரமில்ல. மாசக் கடைசிக்குள்ள.”

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றை மெக்கானிக் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். கேஸ் சிலிண்டர் வந்தது. உருட்டி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினால் கிராதிக் கதவு திறந்து கிடக்கிறது. படியில் கீழே ஓடாமல் மேலே ஓடினானே, அது எந்தப் புண்ணியமோ. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் அவனுடைய முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். எக்ஸ்பிரஸ் அதன் பக்கமே போகவில்லை. லிஃப்ட் மோட்டார் அறையின் தகரக் கதவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். அவன் அவளை வாரி எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். மனைவி திரும்பி வந்தபோது காய்கறிப் பையை வாங்கி வைத்தான். வெயில் ஜாஸ்தியா என்று கேட்டான். பூட்டில் குறை இல்லை, பூட்டவேண்டியவனிடம்தான் குறை என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வீட்டை மனைவிதான் தேடினாள். புரோக்கர் இல்லை, போன் இல்லை. காலையில் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, தெருத்தெருவாக நடந்து, தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற சாக்கில் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசிவிட்டு வருவாள். பத்தாம் நாள் மூக்கு நுனி தோலுரிந்துபோய் வந்து நின்றாள்.

“பாத்துட்டேங்க. ஒரு சந்து. வரிசையா வீடு, எல்லாம் தரையோட தரையா. முனையில இஸ்திரிக்காரர், எதுத்தாப்ல சைக்கிள் கடை, பழ வண்டிக்காரம்மா. எந்நேரமும் ஆள் நடமாட்டம்.”

“கதவு?”

“கதவு இருக்கு. மரக்கதவு.”

“தாழ்ப்பாள்?”

“என்னங்க, கதவு எத்தனை நாளைக்குக் காப்பாத்தும்? அவளுக்கு ஒரு நாள் பத்து வயசாகும், எக்கிடுவா. அங்க கண்ணு இருக்கு. நம்ம பழைய ஊர் மாதிரி நாலு பேர் பாத்து வச்சுக்கிட்டா போதும். போனாலும் புடிச்சுட்டு வந்துருவாங்க.”

அவனுக்கு மனது ஒப்பவில்லை. ஆனால் மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. மகளின் நெற்றியில் கிராதிக் கம்பியின் தடம் கன்றிப்போயிருந்தது. சரி என்றான்.

சந்தில் மூன்று வாரம் நன்றாகவே போயிற்று. மனைவி மெஷினை வாசலோரம் போட்டுக்கொண்டாள். மகளை ஒவ்வொருவரிடமும் தூக்கிப்போய்க் காட்டினாள்: “இது எங்க எக்ஸ்பிரஸ். தனியாப் போறதைப் பாத்தா ஒரு குரல் குடுங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள். இஸ்திரிக்காரர், “நம்ம கண்ணுக்குத் தப்பி ஈ போகாதும்மா” என்றார். மகள் கத்துவது குறைந்தது. அவன் மனைவியிடம், “நீ பாத்த வீடுதான் சரி” என்று வாய்விட்டே சொன்னான். அவள் ஏனோ அதற்குச் சந்தோஷப்படாமல் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை. பத்து மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் குழியின் அடியில் நின்று எண்ணெயும் தூசியும் வழித்துக்கொண்டிருந்தான். மேலே வைத்திருந்த போன் அடித்தது. கூட வேலை செய்கிற சீனியர் எடுத்துப் பேசிவிட்டுக் குழிக்குள் குனிந்தார். அவர் குரல் மாறியிருந்தது.

“தம்பி, மேல ஏறி வா. உன் வீட்லேர்ந்து. ஏணியப் பாத்து வா, அவசரப்படாத.”

பாப்பாவைக் காணவில்லை. முக்கால் மணி நேரமாகிறது.

அவன் சந்து முனைக்கு வரும்போது வானம் கறுத்துத் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மனைவி கிழக்கே தேடிப் போயிருந்தாள். அவன் இஸ்திரிக்காரரிடமிருந்து ஆரம்பித்தான்.

“பாத்தேனே! மஞ்சச் சட்டை. இப்படித்தான் போச்சு. அம்மா பின்னாடி வர்றாங்கன்னு நெனச்சேன் தம்பி. பொட்டி கையில சூடா இருந்துச்சு, திரும்பிப் பாக்கல.”

சைக்கிள் கடைக்காரரும் பார்த்திருந்தார். “இஸ்திரிக்காரர் பாத்துட்டுச் சும்மா இருக்காரே, அப்ப கூட யாரோ இருப்பாங்கன்னு விட்டுட்டேன்.”

பழ வண்டிக்காரம்மா பார்த்திருந்தாள். ஒரு வாழைப்பழத்தை நீட்டியுமிருந்தாள். வாங்காமல் போய்விட்டதாம். மெயின் ரோட்டுப் பஸ் ஸ்டாப்பில் காதில் ஒயர் மாட்டிய ஒருவன் பார்த்திருந்தான். அவன் சட்டையைப் பிடிக்காத குறையாக மெக்கானிக் கேட்டான்: “இத்தனூண்டு புள்ள தனியா ரோட்டுல போவுது. நிறுத்தணும்னு தோணலயா உங்களுக்கு?”

“சார், நான் பாட்டுக்கு அடுத்தவங்க பொண்ணு கையப் புடிச்சு நிறுத்தியிருந்தா, இப்ப நீங்க வந்து என்னை என்ன கேட்டிருப்பீங்க?”

அத்தனை கண்ணும் பார்த்திருந்தது. ஒரு கைகூட நீளவில்லை.

தூறல் மழையானது. ரோட்டோரச் சாக்கடையில் இரண்டு இடத்தில் மூடி இல்லை. செம்மண் கரைந்த தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. பக்கத்துல தண்ணி இருக்கா என்று மனைவி போனில் கேட்ட குரல் காதுக்குள்ளேயே கேட்டது. முழங்கால் போட்டு உட்கார்ந்து, கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவினான். கிழிந்த செருப்பு ஒன்று வந்தது. பெரியவர்களுடையது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு அடுத்த ஓட்டைக்குப் போனான்.

மெயின் ரோட்டுக்குப் பின்னால், லாரிகள் நிற்கிற தெருவில், நீளமான சுற்றுச்சுவருக்குள்ளிருந்து உம்மென்று ஒரு இரைச்சல் வந்துகொண்டிருந்தது. சுவருக்கு மேலே வெள்ளை ஆவி. ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போர்வை, விரிப்பு, துண்டு வெளுத்துக்கொடுக்கிற பெரிய லாண்டரி. திறந்திருந்த கேட்டின் வழியே, உள்ளே கொட்டகை ஓரத்தில் மஞ்சள் சட்டை தெரிந்தது.

அவன் பெயர் சொல்லிக் கத்தப் போனான். யாரோ தோளில் தட்டினார்கள். பருத்த உடம்பு, முழங்கை வரை சோப்பு ஊறி வெளுத்த கைகள். அங்கே விரிப்பு மடிக்கிற பெண். எல்லோரும் மடிப்பக்கா என்பார்கள் என்று பிறகு தெரிந்தது.

“இந்தப் பாப்பாவைத்தான் தேடறீங்களா? கத்தாம வாங்க. கத்தினா எந்திரிச்சுப் போயிடும்.”

எக்ஸ்பிரஸ் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் கன்னத்தையும் பதித்து உட்கார்ந்திருந்தாள். சுவரின் மறுபக்கம் துணி உலர்த்தும் உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் வாயிலிருந்தும் அதே உம் வந்துகொண்டிருந்தது, அதே சுருதியில். தலை துவட்டப்பட்டிருந்தது. ஒரு வெள்ளைத் துண்டு தோளில் கிடந்தது.

“தண்ணி குடுத்தேன், குடிச்சிச்சு. மழையில நனையக்கூடாதுன்னு உள்ள தள்ளி உக்கார வச்சேன்,” என்றாள் மடிப்பக்கா. அவனை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க அப்பாவா? அம்மா வரலயா? எப்பவும் அவங்கதானே தேடிக்கிட்டு வருவாங்க.”

“எப்பவுமா?”

“இது மூணாவது தரமாச்சே.”

மகளைத் துண்டோடு தூக்கிக்கொண்டு நடந்தான். வழியெல்லாம் அவள் அவன் தோளுக்கு மேலே பின்னால் பார்த்தபடியே வந்தாள்.

விளக்கு வைக்கிற நேரம். மழை விட்டிருந்தது. மனைவி வாசலில் நனைந்த புடவையோடு நின்றாள். மகளை வாங்கித் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். உடம்பைத் துடைத்து, சோறு ஊட்டி, தூங்க வைத்தாள்.

“மூணாவது தடவையாமே,” என்றான்.

அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். “ஆமா.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

“என்ன பண்ணியிருப்பேன்? பெத்த அப்பன்கிட்ட மறைக்கற விஷயமா இது?”

“பூட்டியிருப்பீங்க. மறுபடியும் மாடி, மறுபடியும் கிராதி. அவ நெத்தியப் பாத்தீங்க, என் காலைப் பாத்தீங்களா? நான் ஒருத்தி சொல்லித்தானே இந்தச் சந்துக்கு வந்தோம். வந்த ரெண்டாவது வாரமே காணாமப் போயிட்டா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்ககிட்டச் சொல்ல? நான் பாத்த வீடுதான் சரின்னு நீங்க அன்னிக்குச் சொன்னப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. இன்னிக்கும் முதல்ல அந்த லாண்டரி கேட்டுக்குத்தான் ஓடினேன், எட்டிப் பாத்தா அவ இல்ல, அதான் பயந்துபோய் உங்களுக்குப் போன் பண்ணினேன்.”

“ரோட்டுல லாரி போவுதுடி. சாக்கடை தொறந்து கெடக்கு. இன்னிக்கு உள்ள கைய விட்டுத் தேடினேன்.” கையை நீட்டிக் காட்டினான், தோள்வரை சிராய்ப்பு. “செருப்பு ஒண்ணு வந்துச்சு. அது வெளிய வர்ற வரைக்கும் யாருதுன்னு தெரியல.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சந்தில் இஸ்திரிக்காரர் கரியைக் கொட்டித் தண்ணீர் தெளிக்கிற சத்தம் வந்தது. வெகுநேரம் கழித்து, மொட்டை மாடி விஷயத்தை அவன் சொன்னான். சிலிண்டர், திறந்த கதவு, முழங்கால் உயரச் சுவர், எல்லாவற்றையும்.

அவள் அழுகையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தான்.

“மோட்டார் ரூமா?” என்றாள்.

“ஆமா. கதவுல கன்னத்த வச்சு...”

“என் மெஷின்லயும் அப்படித்தானே நிப்பா.” நிமிர்ந்து உட்கார்ந்தாள். “என்னங்க, பழைய ஊர்ல சலூன்காரர் எங்கேர்ந்து புடிச்சுட்டு வந்தாரு?”

“மாவு மில்லு வாசல்லேர்ந்து.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து பிள்ளை ஓடுகிறது, ஓடுகிறது என்று பின்னாலேயே ஓடியிருக்கிறார்கள். எங்கே போகிறாள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

“அவ ஓடல,” என்றாள் மனைவி. “போறா.”

மறுநாள் காலை மகளைத் தூக்கிக்கொண்டு அவள் லாண்டரிக்குப் போனாள். கிழிந்த விரிப்பு தைக்க அங்கே ஆள் வேண்டியிருந்தது. காம்பவுண்டுக்குள் பின்பக்கம், முன்பு வாட்ச்மேன் குடும்பம் இருந்த இரண்டு அறையும் காலியாகக் கிடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உலர்த்தும் கொட்டகையின் சுவரும் அந்த வீட்டின் சுவரும் ஒன்றுதான். காய்ச்சல் வந்த உடம்பு மாதிரி எந்நேரமும் இளஞ்சூடு. ஜன்னலைத் திறந்தால் சோப்பும் பிளீச்சிங் பவுடரும் மூக்கை அரிக்கும். அங்கிருந்து அவன் கம்பெனிக்கு இரண்டு பஸ் மாறவேண்டும்.

“இது வீடா?” என்றான் சாயங்காலம் வந்து பார்த்ததும். “பாய்லர் இருக்கு, வேன் ரிவர்ஸ் எடுக்குது. புள்ளைய இதுக்குள்ள விடச் சொல்றியா?”

“ரோட்டத் தாண்டி, லாரியத் தாண்டி, சாக்கடையத் தாண்டி இங்கதான் வர்றா. அந்த ரோட்டையாவது இல்லாம பண்ணுவோம். மிச்சத்தை ஒண்ணொண்ணாப் பாத்துக்கலாம்.”

“அக்கம்பக்கத்துல ஒரு குடும்பம் இல்ல. நமக்குன்னு ஒரு தெரு இல்ல. நாளைக்கு யாராவது வீட்டுக்கு வந்தா என்ன சொல்லுவே?”

“அழுக்குத்துணி இருந்தா கொண்டுவாங்கன்னு சொல்றேன்.”

சிரிப்பு வந்தது அவனுக்கு. அதனால் இன்னும் கோபம் வந்தது.

சூப்பர்வைசர் கறாரான ஆள். “குழந்தை கொட்டகைக்குள்ள காலெடுத்து வைக்கக்கூடாது. உருளையில துணியோட விரல் போச்சுன்னா திரும்பி வராது. அது உங்க பொறுப்பு,” என்றார். மெக்கானிக் இரண்டு நாள் லீவு போட்டான். கொட்டகை வாசலில் இடுப்புயரத்துக்கு இரும்புக் கதவு அடித்து, அது சாத்தாவிட்டால் மணி அடிக்கிற மாதிரி லிஃப்ட் கதவின் பழைய சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினான். வேன் டிரைவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினான். “உள்ள வரும்போது ஒரு ஹாரன் அடிங்கண்ணே, கால்ல விழுந்து கேக்கறேன்.” மடிப்பக்கா, “ரொம்ப கும்பிடாதீங்க, அப்புறம் டிரைவருங்க தங்களச் சாமின்னு நெனச்சுக்குவானுங்க,” என்றாள்.

திங்கட்கிழமை குடிவந்தார்கள். காலையில் பாய்லர் ஏறி உருளைகள் சுற்ற ஆரம்பித்ததும் எக்ஸ்பிரஸ் எழுந்தாள். கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். இருபது அடி நடந்து, கொட்டகைச் சுவரோரம் உட்கார்ந்து, கன்னத்தை வைத்துக்கொண்டாள். மனைவி பத்தடி தள்ளி மெஷினைப் போட்டுக்கொண்டு கிழிந்த விரிப்புகளின் நடுவே உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று. ஒரு தடவை மணி அடித்தது. மறதியாகக் கதவைத் திறந்துபோட்டவன் துணிக்கூடை தள்ளுகிற ஒரு ஆள். ஒரு தடவை வேன் ஒன்று ஹாரன் அடிக்காமல் பின்வாங்கியது. மடிப்பக்கா கையிலிருந்த ஈரத் துண்டை அதன் கண்ணாடியில் வீசி அடித்தாள். அன்று மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மெக்கானிக் தினமும் இரண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, முதலில் பிள்ளையின் பத்து விரலையும் எண்ணிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினான். இது சரியான வீடு என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. வேறு எது சரியான வீடு என்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாய்லரை அணைத்துவிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

காலையில் எழுந்தபோதுதான் அந்த அமைதி தெரிந்தது. கூரையில் காக்கை நடக்கிற சத்தம் துல்லியமாகக் கேட்டது. எக்ஸ்பிரஸ் வழக்கம்போல நடந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கன்னத்தை வைத்தாள். எடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் வைத்தாள். சுவர் முழுக்கத் தட்டித் தட்டிக்கொண்டே போனாள். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

“ஐயோ,” என்றாள் மனைவி மெதுவாக. “மெஷினை எடுத்து ஓட்டட்டுமா?”

அதற்குள் மகள் திரும்பிவிட்டாள். காம்பவுண்டு கேட்டில் ஆள் போகிற சின்னக் கதவு திறந்திருந்தது. மெக்கானிக்தான் அதற்குப் பக்கத்தில் நின்றான். கையை நீட்டினால் தாழ்ப்பாள். அவள் அவனைப் பார்க்காமல், நேரே வந்துகொண்டிருந்தாள்.

அவன் கை தாழ்ப்பாளில் போய் நின்றது. பிறகு நகர்ந்து வழிவிட்டான்.

“என்னங்க!”

“நான் கூடப் போறேன்,” என்றான். செருப்பைக்கூடத் தேடவில்லை.

லாரித் தெருவில் அவள் முன்னால் போனாள், அவன் நாலடி பின்னால். கூப்பிடவில்லை, பிடிக்கவில்லை. முதல் தடவையாக அவளுடைய நடையைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு போனான். குதிகால் தரையில் படாத நடை. ஒவ்வொரு மூடிய கடைக் கதவிலும் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு ஐஸ் பெட்டியின் உறுமலை நின்று கேட்டாள். டிரான்ஸ்பார்மர் கம்பத்தை அவள் நெருங்கியபோது அவன் முன்னால் போய் நடுவே நின்றுகொண்டான், சுற்றிக்கொண்டு போனாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளங்கால் சுட்டது.

மெயின் ரோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டிகள் குறைவு. குறைவானதாலேயே வேகம் அதிகம். இங்கே பிடித்தே ஆகவேண்டும் என்று இரண்டு எட்டு முன்னால் வைத்தான். பிடித்தால் உதறிக்கொண்டு கத்துவாள். ஆள் கூடும்.

அவள் ரோட்டு விளிம்பில் நின்றாள்.

ஒரு பஸ் போயிற்று. அவள் முடி பறந்து அடங்கியது. அவன் பக்கத்தில் போய் நின்றான், மூச்சுகூட விடாமல். எக்ஸ்பிரஸ் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடியே, கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டித் துழாவி, அவனுடைய கால்சட்டைப் பாக்கெட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் ரோட்டைக் கடந்தார்கள். அந்தப் பக்கம் போனதும் விட்டுவிட்டு நடந்தாள்.

போன் அடித்தது.

“எங்க இருக்கீங்க?” மனைவிக்கு மூச்சு வாங்கியது.

“மெயின் ரோடு தாண்டிட்டோம்.”

“எங்க போறா?”

“தெரியல. போயிட்டிருக்கோம்.”



“தண்ணி எடுத்துட்டுப் போகலயே நீங்க.”

“வழியில வாங்கிக்கறேன். நீ சோறு வடிச்சு வை,” என்றான் மெக்கானிக். அதற்குள் எக்ஸ்பிரஸ் கொஞ்சம் தூரம் போய்விட்டிருந்தாள். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எட்டி நடந்தான்.